மூணரை மணிக்கு ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டர்

1. வைரஸ்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் அம்பத்தூரில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடையில் ஃபீல்டு எஞ்சினியராக இருந்தேன். எஞ்சினியர் என்பது சட்டைப் பையில் குத்தியிருந்த அட்டையில் இருந்த வார்த்தை. ஆறு மாத ஹார்டுவேர் கோர்ஸ் படித்தவன் நான். அதிலும் ஐந்தாவது மாதம் அம்மை போட்டுப் படுத்துவிட்டேன்.

முதலாளி ஏகாம்பரம் கரையான்சாவடிக்காரர். டிவி ரிப்பேரில் ஆரம்பித்து கம்ப்யூட்டர் அசெம்பிளிங்குக்கு வந்தவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கம்ப்ளெயின்ட் சீட்டை நீட்டினார்.

"ஆவடி குவார்ட்டர்ஸ்ல நம்ம மிஷின் ஒண்ணு தானா ஆஃப் ஆயி ஆன் ஆவுதாம். ஃபேக்டரி ஆளு. ஒயுங்கா பாத்துட்டு வா. அதே லைன்ல இன்னும் நாலு பேரு வாங்கலாம்னு கீறாங்க."

வீட்டுக்காரர் சுடலைமுத்து, திருநெல்வேலிப் பக்கம். ராணுவ டாங்க் செய்கிற இடத்தில் ஃபிட்டர். அவர் மகள் செல்வி பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். கம்ப்யூட்டர் அவள் படிப்புக்காக வாங்கியது. அதற்குப் பூப்போட்ட உறை தைத்திருந்தார்கள். என் சட்டையைவிட நல்ல துணி.

"எப்ப சார் ரீஸ்டார்ட் ஆகுது?"

"எப்பமும்தான் தம்பி. எம்மவ புராஜெக்ட் அடிச்சிக்கிட்டுக் கெடக்கா. திடீர்னு படக்குன்னு அணைஞ்சு மறுபடி வருது."

"எனக்கு ஒரு தடவகூட அப்படி ஆனதில்லையேப்பா" என்றாள் செல்வி.

"ஏளா, நீ சும்மா இரு."

இந்த இடத்தில் நல்ல எஞ்சினியர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பியிருப்பான். நான் மேசை மேல் இருந்த ஃப்ளாப்பிகளின் பக்கம் திரும்பினேன்.

"இதெல்லாம் காலேஜ்லேர்ந்து வருதா? அப்ப வைரஸ்தான் சார்."

காரணம் தெரியாத எல்லாக் கோளாறுக்கும் அப்போது வைரஸ் என்று பெயர். ஹார்டு டிஸ்க்கை ஃபார்மேட் செய்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். மூன்று மணி நேரம், இரண்டு டம்ளர் காபி. கிளம்பும்போது செல்வி மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, இதுல என் புராஜெக்ட் இருந்துச்சே?"

"இருந்துச்சும்மா" என்றேன். அந்த வாரம் நான் சொன்னதில் பிழையே இல்லாத ஒரே வாக்கியம் அதுதான்.

நாற்பத்திரண்டு பக்கம். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். கையில் எழுதிய நோட்டு மட்டும் மிச்சம்.

2. எஸ்எம்பிஎஸ்

வியாழக்கிழமை மறுபடி அதே கம்ப்ளெயின்ட்.

"என்ன தம்பி, சரியாயிட்டுன்னு சொல்லிட்டுப் போனீரு. அப்படியேதான கெடக்கு" என்றார் சுடலைமுத்து.

வைரஸ் போய்விட்டதால் அடுத்து கரண்டின் மேல் பழி போட்டேன். பவர் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டியைக் கழற்றி வேறு மாட்டினேன். சோதிப்பதற்காக என் பெயரையே ஒரு மணி நேரம் டைப் அடித்துப் பார்த்தேன். மெஷின் அசையவில்லை. சுடலைமுத்துவுக்குத் திருப்தியில்லை. மானிட்டருக்கும் சிபியூவுக்கும் போகிற பவர் கேபிள்கள் இரண்டையும் உருவிச் சுருட்டினார்.

"வெள்ளி, சனி பாப்போம். நல்லாத்தான் இருக்குன்னு எனக்குத் தெரியுற வரைக்கும் ஒருத்தரும் தொடப்படாது. இவ ஃப்ளாப்பிய வச்சு வச்சுத்தான் இந்தக் கோலம். நீருதான சொன்னீரு?"

கேபிள் பீரோவுக்குள் போனது. சாவி அவர் பையில். செல்வி என்னைப் பார்த்த பார்வையில் நான் எடுத்து வந்த ஸ்க்ரூடிரைவரை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்தேன்.

கடையில் முதலாளி சீட்டைப் பார்த்தார்.

"அண்ணாத்தே, மூணாவது தபாவும் அதே ஊட்டுக்குப் போனின்னு வையி, நீ பிரிண்டருக்கு ரிப்பன் மாத்தத்தான் லாயக்கு. சொல்ட்டேன்."

3. மூணரை

வெள்ளி சாயங்காலம் போன் வந்தது. "இன்னைக்கு மூணரைக்கு மறுபடியும் ஆச்சு தம்பி."

சனிக்கிழமை காலை, மழையில் நனைந்துகொண்டு போனேன். சுடலைமுத்து குளித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தது செல்வி. கையில் அந்த நோட்டு.

"சாரிம்மா" என்றேன்.

"சாரிய வச்சு நான் என்னண்ணா பண்றது? திங்கக்கிழமைக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. அப்பா தொட விட மாட்டேங்குறாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கேபிள் பீரோவுக்குள்ள. சாவி அப்பாகிட்ட. நேத்து மூணரைக்கு நான் காலேஜ்ல. அம்மா ஆஸ்பத்திரி க்யூல. நீங்களே பாத்துக்குங்க."

பார்த்தேன். எனக்கும் சில நேரம் புரியும். முதல் ஷிஃப்ட் முடிந்து ஃபேக்டரி ஆட்கள் வீடு சேருவது மூன்று மணிக்கு மேல்.

அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தலை துவட்டிக்கொண்டு வந்தவரிடம் கதவைச் சாத்தியபடி கேட்டேன்.

"சார், என்ன கேம்?"

துண்டு தலையிலேயே நின்றது.

"கேம்னு இல்ல. சும்மா, கை பழகுறதுக்கு."

"எந்த கேம் சார்?"

பீரோவைத் திறந்து வேட்டிகளுக்கு அடியிலிருந்து ஒரு சிடியை எடுத்தார். டாங்க் ஓட்டுகிற கேம். நான் ஃபார்மேட் செய்துவிட்டுப் போன அன்றைக்கே திரும்ப ஏற்றியிருக்கிறார்.

"இருபத்திரெண்டு வருசமா டாங்குல நட்டு முறுக்குதேன் தம்பி. ஒருநாள்கூட என்னைய ஓட்ட விட்டதில்ல" என்றார். "ஏழாவது லெவல்ல ஒரு பாலம் வரும். அதத் தாண்டங்குள்ள அணைஞ்சு போவுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் எஞ்சினியர் அட்டை குத்திக்கொண்டு திரிகிறவன்தானே.

4. வெள்ளைப் பிசுக்கு

கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவரை விளையாடச் சொன்னேன். டைப் அடிக்கும்போது மெஷின் சும்மா உட்கார்ந்திருக்கும். கேம் ஓடும்போதுதான் முழு மூச்சாக உழைக்கும். பாலம் வந்தது. படக். திரை கறுத்து, மெஷின் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

பிராசசருக்கு மேல் சூட்டை இழுக்க ஹீட் சிங்க் என்ற அலுமினியக் கட்டி இருக்கும். அதைத் தொட்டேன். விரல் நுனி பொசுங்கியது. ஆஃப் செய்து, ஆறவிட்டுக் கழற்றினால், அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. முகம் பார்த்துச் சீவலாம். பிராசசருக்கும் கட்டிக்கும் நடுவில் இருக்க வேண்டிய காம்பவுண்டைக் காணோம்.

"சார், இங்க வெள்ளையா ஒரு பசை இருந்திருக்கணுமே?"

"அந்தப் பிசுக்கா? ஆயுத பூசைக்குப் பிரிச்சு, மண்ணெண்ணெ போட்டுத் தொடச்சேன்" என்றார் பெருமையாக. "எங்க செக்‌ஷன்ல பொட்டு அழுக்குத் தெரிஞ்சாலும் மெமோதான்."

அந்தப் பிசுக்கு வழியாகத்தான் சூடு மேலே ஏறும் என்று விளக்கினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். ஐந்தாவது மாதம் வகுப்பில் இதைத்தான் நடத்தியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டு தடவை அந்தப் பெட்டியைத் திறந்தும், அவர் கைவைத்திருப்பதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஒரு ஸ்க்ரூகூடத் தேயாமல் அப்படி மூடியிருந்தார். நான் மூடினால் எப்போதும் ஒரு ஸ்க்ரூ மிச்சமாகும். காம்பவுண்ட் டியூப் மூன்று விசிட்டிலும் என் பையில்தான் இருந்தது, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில்.

பூசி மாட்டியதும் சோதிக்க வேண்டுமே. நான் விளையாடி முதல் லெவலிலேயே மூன்று தடவை செத்தேன். "தள்ளும்" என்று சொல்லி சுடலைமுத்து உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம். பாலம் வந்தது. பாலம் போனது. மெஷின் அணையவில்லை.

கதவைத் திறந்தால், எதிரிலேயே செல்வி.

"ஒன் ஃப்ளாப்பி மேல தப்பில்லம்மா" என்றார், தரையைப் பார்த்து. "நான்தான்."

"தெரியும்ப்பா. எந்த லெவல்?"

"எட்டு."

"சரி, எந்திரிங்க. எனக்கு நாப்பத்திரெண்டு பக்கம் இருக்கு."

5. நன்றியுரை

அந்தப் பக்கங்களை அழித்தது நான். அதனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் டைப் அடித்தேன். பொசுங்கிய விரலைத் தூக்கிக்கொண்டு, மற்ற விரல்களால். அரைமணிக்கு ஒரு தடவை சுடலைமுத்து வந்து ஹீட் சிங்க்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடில்ல" என்று ரிப்போர்ட் கொடுத்தார். கேட்காமலேயே.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது கொஞ்சம்தான். மெஷினைத் திறப்பதற்கு முன்னால், அது எந்த வேலையில் இருக்கும்போது கோளாறாகிறது என்று கேள். வீட்டில் ஒவ்வொருவரையும் தனியாகக் கேள். 'எனக்கு ஆகவில்லை' என்று ஒருவர் சொன்னால், அந்த ஆளை முதலில் நம்பு. ஆயுத பூஜைக்குத் துடைத்தீர்களா என்றும் கேள். ஃபார்மேட் செய்வதற்கு முன், உள்ளே யாருடைய உழைப்பு இருக்கிறது என்று பார்.

கடைசிப் பாடத்தை நானாகக் கற்கவில்லை. ஞாயிறு சாயங்காலம், கடைசியாக நன்றியுரைப் பக்கம். பிரின்சிபால், துறைத் தலைவர், பெற்றோர் எல்லோருக்கும் நன்றி சொல்லி முடித்த செல்வி, நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு வரி இருக்குண்ணா. அடிங்க. 'பேக்அப் எடுப்பதன் அவசியத்தைச் செய்முறையில் விளக்கிக் காட்டிய சர்வீஸ் எஞ்சினியருக்கும் நன்றி.'"

எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன். முதல் வேலையாக ஃப்ளாப்பியில் சேவ் செய்தேன்.