காற்றுக்கும் ஓர் ஆபீஸ்

இந்த ஊரில் காலையில் ரேடியோவைத் திருப்பினால், காற்று எப்படி இருக்கிறது என்று சொல்கிறார்கள். மழை வருமா, வெயில் அடிக்குமா என்பதை இதில் சேர்க்க வேண்டாம். அது தனிச் செய்தி. இன்றைக்கு இருக்கிற காற்று மூச்சு விடத் தகுமா என்பதுதான் இந்தச் செய்தி. தகாது என்றால் அதற்கு ‘ஸ்மாக் அலர்ட்’ என்று பெயர். அலர்ட் நாளில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மைதானத்தில் ஓட விடமாட்டார்கள். வயதானவர்களும் நெஞ்சு நோவுக்காரர்களும் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்பார்கள். அவசியமில்லாமல் காரை எடுக்காதீர்கள் என்று கிட்டத்தட்டக் கெஞ்சுவார்கள். வந்த புதிதில் இதைக் கேட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். ஓர் இலைகூட அசையவில்லை. எருத்தேன்பதிக்காரனுக்கு மரம் ஆடினால்தான் காற்று. காற்றே இல்லாத இடத்தில் காற்று கெட்டுப்போயிற்று என்கிறார்களே, இவர்களுக்கு என்ன கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

எருத்தேன்பதி தெரியாதவர்களுக்கு: பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர் தாலுகாவின் ஓரத்தில், பாதிக் காலைத் தமிழ்நாட்டில் வைத்துக்கொண்டு நிற்கிற ஊர். ரேஷன் கார்டு மலையாளம், சண்டை சச்சரவெல்லாம் தமிழ். எங்கள் பக்கம் மலைத்தொடர் ஓரிடத்தில் விட்டுப்போய், வாசல் மாதிரி திறந்து கிடக்கிறது. ஆடி மாதம் அந்த வாசல் வழியாகக் காற்று புகுந்தால், கொடியில் காயப்போட்ட வேட்டியை அடுத்த தோட்டத்தில்தான் தேட வேண்டும். சோற்றில் மண், கண்ணில் மண், பேசினால் வாயில் மண். இந்தக் காற்றை எந்தச் சர்க்காராவது நிறுத்திக் கொடுத்தால் அதற்கே ஓட்டு என்று என் அண்ணன் சொல்லுவான். காற்றைச் சர்க்கார் கவனிக்க முடியும் என்பது எங்கள் ஊரில் அந்த அளவுக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு.

நான் அமெரிக்கா வந்தது என் படிப்புக்காகவும் அல்ல, திறமைக்காகவும் அல்ல. என் மனைவி ரஞ்சிதம் நர்ஸ். இடுக்கி என்று இப்போது தனி ஜில்லாவாகிவிட்ட மலைப்பக்கத்தில், குமுளிக்கு அருகே ஆனைக்கரையில் ஏலத்தோட்டக் குடும்பத்துப் பெண். பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது எங்கள் பாதிரியார் பேசி முடித்த கல்யாணம் அது. வீட்டை நான் ‘ஊடு’ என்றால் அவள் சிரிப்பாள். அவள் ‘அங்கிட்டு இங்கிட்டு’ என்றால் நான் சிரிப்பேன். நர்ஸுகளுக்கு அமெரிக்கா விசா கொடுத்த சமயத்தில் அவள் கிளம்பினாள். அவளுடைய புருஷன் என்ற உத்தியோகத்தில் நானும் கிளம்பினேன். லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே ஓர் ஊர். அவளுக்குக் குறைமாதக் குழந்தைகள் வார்டில் வேலை. எனக்கு ஒரு பெட்ரோல் பங்கில்.

நாங்கள் வந்தது கோடைகாலம். மாதக்கணக்கில் வடக்குப் பக்கம் வெறும் தவிட்டு நிற வானம்தான் தெரிந்தது. பிறகு ஒருநாள் பாலைவனத்திலிருந்து பலத்த காற்று அடித்தது. மறுநாள் காலை பால் புட்டியை எடுக்கக் கதவைத் திறந்த நான், அப்படியே உள்ளே ஓடினேன்.

“ஏம்புள்ள, எந்திரி! இங்கெ ஒரு மலை நிக்குது!”

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பார்த்தாள். வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, மடிப்பு மடிப்பாக, உச்சியில் பைன் மரங்களோடு பெரிய மலை.

“நேத்து இல்லியேங்க இது!”

பெட்ரோல் பங்க் முதலாளி வால்டிடம் போய் மலையைப் பார்த்தாயா என்று கேட்டேன். அது எப்போதும் அங்கேதான் இருக்கிறது என்றார். இவ்வளவு பெரிய மலையைப் புகையில் தொலைத்துவிட்டு ஒருவர்கூடத் தேடாமல் இருந்திருக்கிறார்கள். மூன்று பக்கம் மலையும் ஒரு பக்கம் கடலுமாக இருப்பதால் புகை வெளியே போக வழியில்லை என்று அவர் விளக்கினார். எங்கள் ஊர் நினைப்பில், “உங்கள் மலைக்கு ஓர் ஓட்டை வேண்டும்” என்றேன். அவர் சுரங்கப்பாதை என்று நினைத்துக்கொண்டு, அதற்கும் நம் வரியில்தான் கை வைப்பார்கள் என்று சலித்துக்கொண்டார்.

ரஞ்சிதத்துக்கு முதல் கோடையிலேயே மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் ஆரம்பித்திருந்தது. குளிரில் நின்றது. அடுத்த கோடையில் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரி டாக்டர் சோதித்துவிட்டு, இந்தப் பள்ளத்தாக்கு உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இப்படியே போனால் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. அவள் மட்டும் தெளிவாக இருந்தாள். மலைக்காற்றில் பிறந்த நெஞ்சு, மலைக்காற்றுக்கு ஏங்குகிறது, அவ்வளவுதானாம். ஆனைக்கரையில் அவர்கள் எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டர் ஒரு மலையாளி. சளி என்று யார் போனாலும் மருந்தோடு சேர்த்து, “இவிடத்தெ காற்றில் ஓசோன் உண்டு, நல்லோணம் ஸ்வாசிச்சோ” என்பாராம், நன்றாக மூச்சை இழு என்று. மலைக்காற்றின் சத்துக்குப் பெயர் ஓசோன் என்று அந்த எஸ்டேட்டே நம்பியது. நர்ஸ் படிப்பில்கூட அதை மாற்றிச் சொல்ல ஆளில்லை.

ஆகையால் ஒரு சனிக்கிழமை, எங்கள் பழைய காரில் மலை ஏறினோம். ரேடியோ கெட்டுப்போயிருந்தது. மேலே குளுகுளுவென்று பைன் காடு. ரஞ்சிதம் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். தொப்பி வைத்த ஒரு ரேஞ்சர் எங்களை நோக்கி வந்ததும், சட்டென்று என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். இடுக்கி மலையில் ரேஞ்சர் வந்தால் பட்டா இருக்கிறதா என்று கேட்பார், இல்லையென்றால் குடியிறக்கிவிடுவார், வீட்டைக் காலி பண்ணி வெளியே அனுப்பிவிடுவார். இந்த ரேஞ்சர் பாவம், சிரித்துக்கொண்டே, “இன்றைக்கு இங்கே மேலே ஓசோன் ரொம்ப அதிகம், அம்மா” என்றார்.

ரஞ்சிதத்தின் முகம் மலர்ந்துவிட்டது. “தேங்க் யூ! தேங்க் யூ! அதற்காகத்தான் வந்தோம்!” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்று பல்லைக் காட்டினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். ரஞ்சிதம் ஒரு மரத்தடியில் நின்று, கைகளை விரித்து, நல்லோணம் சுவாசித்தாள்.

கொண்டுபோன புளிச்சோற்றைப் பிரிப்பதற்குள் விசில் வந்துவிட்டது. அப்புறம் இருமல், அப்புறம் பேச்சே வராத இழுப்பு. நான் போட்ட கூச்சலில் அதே ரேஞ்சர் ஓடிவந்தார். அவருடைய அறைக்குள் உட்காரவைத்து, ஜன்னல்களைச் சாத்தி, தண்ணீர் கொடுத்தார். டாக்டர் கொடுத்திருந்த மருந்தை உறிஞ்சி அவள் கொஞ்சம் தேறியதும், மெதுவாக எங்களுக்குப் பாடம் எடுத்தார். கார்ப் புகையும் பெட்ரோல் ஆவியும் வெயிலில் வெந்து ஓசோனாக மாறுகிறது. மத்தியானம் கடல்காற்று அதை இந்த மலைக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது. நகரத்தைவிட இங்கேதான் பல நாள் மோசம். வெளியே ஒரு பைன் மரத்தைக் காட்டினார். அதன் ஊசியிலைகள் மஞ்சளடித்து உதிர்ந்துகொண்டிருந்தன. “இந்த மரங்களால் எழுந்து போக முடியாது. நீங்கள் போகலாம்” என்றார்.

நல்லெண்ணத்தில் சொன்ன வார்த்தை அது. ஆனால் காரில் இறங்கி வரும்போது ரஞ்சிதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “எங்கிட்டுப் போனாலும் ரேஞ்சரு குடியெறக்கத்தான் வர்றாரு.” கொஞ்ச தூரம் போன பிறகு, “அப்ப கம்பவுண்டர் பொய்யா சொன்னாரு?” என்று கேட்டாள். இழுப்பைவிட அதுதான் அவளை அதிகம் வருத்தியது என்று எனக்குத் தோன்றியது.

இந்த ஊரைவிட்டுப் போய்விடலாமா என்று கேட்டேன். அவள் வார்டில், உள்ளங்கை நீளமே இருக்கிற குழந்தைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கின்றன. மூச்சு விட மறந்துபோகும் குழந்தையின் பாதத்தைச் சுண்டி ஞாபகப்படுத்துவது அவள் வேலை. “அதுகளுக்கு மூச்சுவிடச் சொல்லிக் குடுக்கறவ நானு. எனக்கு மூச்சு வரலன்னு ஓடிப்போறதா?” என்றாள். எனக்கு அந்த வார்டு தெரியாது, அவள் நெஞ்சுதான் தெரியும். கோபம் கோபமாக வந்தது.

அப்போதுதான் பங்கில் புதுச் சட்டம் வந்தது. இங்கே காற்றுக்கென்றே ஓர் ஆபீஸ், அதில் அதிகாரிகள், இன்ஸ்பெக்டர்கள் உண்டு. இதை அண்ணனுக்கு எழுதியபோது, ‘நிலவரி மாதிரி காற்றுக்கும் கரம் கட்டுகிறீர்களா? வில்லேஜ் ஆபீசரா வந்து அளக்கிறார்?’ என்று பதில் எழுதினான். அந்த ஆபீஸின் உத்தரவுப்படி, பெட்ரோல் அடிக்கிற குழாய் மூக்கில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை மாட்ட வேண்டும். அதைக் காரின் வாயில் அழுத்திப் பிடித்தால், டாங்கியிலிருந்து கிளம்பும் ஆவி வெளியே போகாமல் பங்கின் தொட்டிக்கே திரும்பிவிடும். வால்டுக்கு வயிற்றெரிச்சல். “அரசாங்கம் என் குழாய்க்கு டவுசர் மாட்டச் சொல்கிறது” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பினார். கனம் அதிகம், கை வலிக்கும், சரியாக அழுத்தாவிட்டால் பெட்ரோல் நின்றுவிடும். அவசரக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

கப்பல் போல ஒரு காரில் வந்த ஒருவர், அந்த ரப்பரைப் பின்னால் இழுத்துவிட்டுச் சீக்கிரம் அடி என்று கத்தினார். மாட்டேன் என்றேன். ஏன் என்றார். எனக்கு இங்கிலீஷில் கோபப்படத் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: “சார், உங்கள் பெட்ரோலை என் மனைவி சுவாசிக்கிறாள்.”

அவர் முகம் மாறிவிட்டது. பிறகு என் தோளைத் தட்டி, அதற்கெல்லாம் இப்போது நல்ல சிகிச்சை இருக்கிறது, தன் மச்சானுக்கும் பெட்ரோலை மோந்து போதையேற்றும் பழக்கம் இருந்தது என்று சமாதானம் சொன்னார். ராத்திரி இதைச் சொன்னபோது ரஞ்சிதம் சிரித்த சிரிப்பில் மருந்துக் குப்பியைத் தேட வேண்டியதாயிற்று. ஆனால் அன்றிலிருந்து அந்த ரப்பர் டவுசரை நான் பிடித்த பிடி, எங்கள் ஊர்ப்பக்கத்துக் கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில் லாரியைப் பிடிக்கிறவர்களுக்குக்கூட வராது.

மூன்றாவது கோடையும் விசிலோடு போயிற்று. கொஞ்ச நாள் சொந்த ஊரில் இருந்து பார், நெஞ்சு என்ன சொல்கிறது என்று கேட்டு முடிவெடு என்றார் டாக்டர். ஐப்பசியில் ஆனைக்கரை போனோம். முதல்நாளே விசில் நின்றுவிட்டது. படுத்தால் தூக்கம், எழுந்தால் பசி. அவளுடைய அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

“இங்கனயே இருந்துரு தாயி. குமுளியில இல்லாத ஆஸ்பத்திரியா?” என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். இருந்துவிடு என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. சொன்னால், அந்தக் கண்ணாடிப் பெட்டிகளை நினைத்து ஆயுள் முழுக்க என்னிடம் பேசாமல் இருப்பாளோ என்று பயம்.

அறுவடை நேரம். பக்கத்தில், ‘ஸ்டோர்’ என்கிற உலர்த்தும் கொட்டகையில் விறகு போட்டு ஏலக்காய் உலர்த்திக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் புகை மெல்ல வீட்டுக்குள் வந்தது. ரஞ்சிதம் எழுந்து ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினாள். தான் செய்வது அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

“எதுக்குத் தாயி சாத்துற?” என்றார் அப்பா. “இது நம்ம பொகைதான.”

“நம்ம பொகைன்னு நெஞ்சுக்குத் தெரியுமாப்பா?” என்றாள். சொல்லிவிட்டு, லேசாக இருமினாள். அந்த இருமல் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஸ்டோர்க்காரனைச் சத்தம் போட எழுந்தார். அவள்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

மறுநாள் காலை வாசற்படியில் நின்றுகொண்டே இருந்தாள். இறங்கி நடக்கவில்லை. ஏம்புள்ள என்று கேட்டேன்.

“இன்னைக்கு எப்படி இருக்குன்னு யாரும் சொல்லலியேங்க” என்றாள். பிறகு தானே சிரித்தாள். “அங்க காத்து மோசந்தான். ஆனா மோசம்னு வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆளு இருக்கு, அதைக் கொறைக்க ஒரு ஆபீசு இருக்கு, ரப்பரைப் புடிக்க நீங்க இருக்கீக. போயிருவோம்.”

கிளம்பும்போது அப்பா ஒரு துணிப்பை நிறைய ஏலக்காய் கொடுத்தார். நெஞ்சுக்கு நல்லது என்றார். அவள் ஓசோனைப் பற்றி அவரிடம் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை.

அமெரிக்கா திரும்பி ஒரு கோடை ஓடிவிட்டது. விசில் முழுக்கப் போகவில்லை; அலர்ட் நாளில் வீட்டுக்குள் இருந்தால் அடங்கிக் கிடக்கிறது. வார்டில் அந்த நாட்களில் அவளுக்கு ராத்திரி டூட்டி மாற்றிக் கொடுக்கிறார்கள். நேற்று மறுபடி அலர்ட். மலை காணாமல் போயிருந்தது. ரேடியோ சொன்னபடி நான் ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டுத் திரும்பினேன். ரஞ்சிதம் சமையலறையில் அந்தத் துணிப்பையை அவிழ்த்து, முகத்தை உள்ளே புதைத்து, நல்லோணம் சுவாசித்துக்கொண்டிருந்தாள். ஏலக்காயைவிட அதில் ஸ்டோர்ப் புகை வாசம்தான் அதிகம். விசில் கிளம்பிவிடுமோ என்று நான் பதறி நின்றேன். அவள் நிமிர்ந்து, நனைந்த கண்ணோடு என்னைப் பார்த்தாள்.

“ரேடியோக்காரங்கிட்ட சொல்லிராதீக” என்றாள்.