பச்சை போர்டும் ஈயத் தகடும்

பிள்ளைகளா, அப்பா துபாயில் ஓட்டல்களுக்குச் சுவர் அலங்காரம் மாட்டுகிற வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். போன வருஷம் கராமாவில் ஒரு புது ஓட்டல். அதன் முதலாளி லண்டனிலிருந்து பழைய ஈயத் தகடு ஒன்று வாங்கி வந்திருந்தார். சூரியன் முகம், கீழே ஒரு நம்பர்.

அந்தக் காலத்தில் தீ இன்சூரன்ஸ் கம்பெனிகளே தீயணைப்பு ஆட்களை வைத்திருந்தார்களாம். பணம் கட்டிய வீட்டின் முன்சுவரில், கைக்கு எட்டாத உயரத்தில், கம்பெனித் தகட்டை அடித்துவிடுவார்களாம். தகடு இல்லாத வீடு எரிந்தால் வேடிக்கை பார்ப்பார்கள் என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். அது எவ்வளவு நிஜமோ, எனக்குத் தெரியாது.

அந்தத் தகட்டை மாட்ட அவர் காட்டிய இடம்தான் தகராறு. பின்வாசலுக்கு மேலே, வெளியேறும் வழி காட்டும் பச்சை விளக்கு போர்டு எரிகிற இடம்.

என்னோடு வேலை பார்த்தவர் பெஷாவர்க்காரப் பாய் ஒருவர். எங்கள் ஃபோர்மேன் திருநெல்வேலிக்காரர். "ஃபயர் இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சாச்சு, கலாஸ். போர்டக் கழத்திட்டுத் தகட்ட மாட்டுலே" என்றார்.

"மாட்டேன்ணே."

"என்னது?"

"தகட்டப் பாத்தா வழி தெரியுமாண்ணே?"

எங்கள் ரூம் கட்டிடத்தில் ஒருநாள் அடுப்புத் துணி பற்றி, கரண்டும் போய்விட்டது. ஒரே புகை. படிக்கட்டுப் பக்கம், பேட்டரியில் எரிகிற இதே மாதிரி போர்டின் பச்சை வெளிச்சம் ஒன்றுதான் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் ரூமில் இருந்த அத்தனை பேரும் தவழ்ந்து வெளியே வந்தோம். நான் எப்படிக் கழற்றுவேன்?

"நீ இல்லன்னா பாய் கழத்துவான். வேல வேணுமா வேண்டாமாலே?"

"வேணும். ஆனா ஏணியில நான் நிக்கேன். என்னய எறக்கிட்டுல்ல அவரு ஏறணும்."

பாய் என்னைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். டிரில்லைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் திறப்பு விழா. வேறு வழியில்லாமல் தகட்டைக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டச் சொன்னார்கள். நான்கு மூலையிலும் ஸ்க்ரூ போட்டு, ஆடாமல் மாட்டிக் கொடுத்தேன். தகட்டின் மேல் எனக்கென்ன கோபம்?

மறுநாளே என்னை மொட்டைமாடி சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஜூலை வெயில். ஒரு வாரம் கழித்து ஃபோர்மேன் ஏறி வந்தார்.

"என்னலே, புத்தி வந்துச்சா?"

"போர்டு எரியுதாண்ணே?"

"எரியுது, எரியுது."

"அப்ப இன்னும் வரலண்ணே" என்று சொல்லிவிட்டு டிரில்லை எடுத்தேன்.