மத்தியானம் வந்த அக்கா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருஷம் வார்டு வேலை பார்த்தவள். செத்தவர்களைத் துடைத்துத் துணி மாற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டிருக்கிறேன். கூட வேலை பார்த்தவர்கள் பிணவறைப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது என்று சொன்னால், எலியா இருக்கும், போய் வேலையப் பாரு என்று திட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனாலும் சாமியார் பிரசங்கத்தில் சாத்தான் என்று சொன்னால், மனுஷனுடைய கெட்ட புத்திக்கு வைத்த பேர் என்று நினைத்துக்கொள்வேன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், சிரித்தாலும் சிரித்துக்கொள்ளுங்கள். இது ராத்திரியில் நடந்ததும் இல்லை. செஞ்சியில், என் வீட்டில், நல்ல வெளிச்சத்தில், மத்தியானச் சோறு சாப்பிடுகிற நேரத்தில் நடந்தது.

என் வீட்டுக்காரர் அந்தோணி பெயின்டர். புதுச்சேரியில் ஒரு வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்தார். தலையில் அடி. உயிர் தங்கியது, மற்றதெல்லாம் போய்விட்டது. கண்ணைத் திறப்பார், யாரையும் பார்க்க மாட்டார். பேச்சு இல்லை. மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் பால், கஞ்சி. இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நான் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

அவருக்கு முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அவரை ஒருக்களித்துத்தான் படுக்க வைக்க வேண்டும், முதுகுக்குத் தலையணை அணைகொடுத்து. மல்லாக்கப் போட்டால் சளி தொண்டையில் அடைத்துக்கொள்ளும், துப்பவோ விழுங்கவோ அவருக்குத் தெரியாது. பக்கத்தில் ஆள் இல்லையென்றால் அவ்வளவுதான். வார்டு வேலை பார்த்தவள், இது எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதல் கொஞ்ச நாள் கோயில் ஜனங்கள் வந்தார்கள், சொந்தக்காரர்கள் வந்தார்கள். அப்புறம் குறைந்துபோனது. யாரையும் குற்றம் சொல்லவில்லை, அவரவருக்கு அவரவர் பாடு. நான்தான் உள்ளுக்குள் காய்ந்துபோனேன். சாயங்காலம் இயேசுவின் திரு இருதயப் படத்துக்கு முன்னால் உட்காருவேன், ஜெபமாலை கையில் இருக்கும், வாய் அசையாது. துணி தைக்கும்போது மிஷினை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆண்டவரே இது எவ்வளவு நாளைக்கு என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

அப்போதுதான் அந்த அக்கா வந்தாள்.

எங்கள் வீடு ராஜகிரி மலை தெரிகிற பக்கம், ஷீட் போட்ட வீடு. கோடையில் மத்தியானம் பாறையெல்லாம் காய்ந்து அனல் வீட்டுக்குள் வரும். கரண்ட் வேறு இல்லை, காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. வெளிச்சம் அவளுக்குப் பின்னால் இருந்ததால் முகம் இருட்டாகத் தெரிந்தது. சாதாரணமான புடவை, கழுத்தில் காதில் ஒன்றுமில்லை. வீடு வீடாகப் போய் ஜெபம் செய்கிற கூட்டத்தில் யாரோ என்று நினைத்தேன்.

"ஸ்டெல்லா, நீ சாப்டியாம்மா?" என்றாள்.

நம்புங்கள், இந்த ஒரு வார்த்தைக்கு நான் உடைந்துபோய் அழுதேன். அத்தனை மாதமும் வந்தவர்கள் எல்லாரும் அவருக்கு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. என் பேர் அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. உள்ளே வந்து வாசலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பேசப் பேச கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து அடிக்கடி வந்தாள். எப்போதும் மத்தியானம்தான், எப்போதும் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டித்தான்; அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்ததேயில்லை. எங்கள் தெருவுக்கு மலையிலிருந்து குரங்குகள் வரும், அந்த நேரத்தில் ஷீட்டின் மேல் தடதடவென்று ஓடும், காயவைத்த வடகத்தைத் தூக்கிக்கொண்டு போகும். அவள் வந்த நாட்களில் ஒரு குரங்குகூட வரவில்லை. அதை அப்போது நான் நல்லது என்றுதான் நினைத்தேன், இவர் தூங்கட்டும் என்று. ஆனால் அவள் போனபிறகு பார்த்தால் இவருக்கு மேலெல்லாம் வியர்த்திருக்கும், நாடி தறிகெட்டு ஓடும், விரல்களை இறுக்கி மூடியிருப்பார். நான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவேன். அவள் வந்துபோன நாளில் எனக்கு மனசு லேசாக இருக்கும், ஆனால் ஜெபத்துக்கு உட்கார்ந்தால் சிலுவைகூடப் போடத் தோன்றாது.

போகப் போக அவள் பேச்சு வேறு மாதிரி ஆனது.

"அவரு போவணும்னுதான் இருக்காரு ஸ்டெல்லா. நீதான் புடிச்சி வெச்சிக்கினு இருக்குற."

"அப்டி சொல்லாதக்கா."

"ஆண்டவருக்குத் தெரியாதா உன் கஷ்டம்? உன்ன யாரும் ஒரு வார்த்த கேக்கமாட்டாங்க."

இப்படியே சொல்லிச் சொல்லி, ஒருநாள் ரொம்பச் சாதாரணமாக, குழம்புக்கு உப்புப் போடச் சொல்வதுபோலச் சொன்னாள்: "எப்பப் பாத்தாலும் ஒருக்களிச்சே போட்டா அவருக்கு இடுப்பு வலிக்காதா? இன்னைக்கு நேரா படுக்க வெச்சிட்டு, நீ கோயிலுக்குப் போயி நிம்மதியா உக்காந்துட்டு வா. நான் இருக்கேன் இல்ல."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் குரலில் அதைக் கேட்டபோது எவ்வளவு நியாயமாக, எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? வெயிலில் நடந்து வந்தவளுக்குப் பாய் விரித்துப் போட்டதுபோல இருந்தது. நான் எழுந்து போய் அவர் முதுகுத் தலையணையில் கையை வைத்தேன்.

வார்டில் யாரையும் புரட்டிப் படுக்க வைப்பதற்கு முன்னால் சிலுவை போட்டுக்கொள்வது என் பழக்கம். பக்தி என்றெல்லாம் இல்லை, கை அதுவாகப் போகும். அன்றைக்கும் போனது. நெற்றியில் விரல் பட்டதும் தூக்கத்தில் இருந்தவளை யாரோ தொட்டதுபோல இருந்தது.

"அக்கா, ஒரு ஜெபம் சொல்லிட்டுப் போறேன்" என்றேன்.

"சொல்லும்மா. நானும் சொல்றேன்."

சினிமாவில் வருவதுபோல அவள் அலறுவாள் என்று நினைக்காதீர்கள். விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே என்று ஆரம்பிக்கிற, ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை என்னைவிட அழகாகச் சொன்னாள், திக்காமல், ராகம்போல. எனக்குத்தான் திக்கியது. எங்களைச் சோதனையில் விழவிடாதே என்று கேட்கிற இடம் வந்தபோது என் வாய் நின்றுபோனது. அவள் அந்த வரியைச் சொல்லவில்லை. அதைத் தாண்டி நேராக ஆமென் என்றாள். "போதும், கெளம்பும்மா" என்றாள்.

அப்போது கட்டிலில் இருந்து அந்த வரி வந்தது.

அவர் குரல். விழுந்த நாளிலிருந்து ஒரு சத்தமும் எழுப்பாத மனுஷன். கல்லைத் தரையில் இழுப்பதுபோல, ஒவ்வொரு எழுத்தாக, விட்டுப்போன அந்த வரியை அவர் சொன்னார். குனிந்திருந்த என் கன்னத்தில் அவர் மூச்சு பட்டது. நான் முதுகுத் தலையணையை இன்னும் அழுத்தி வைத்துவிட்டு, கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஜெபத்தை முதலில் இருந்து சொன்னேன். திரும்பச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். நாற்காலிப் பக்கம் திரும்பவேயில்லை. ஏனென்றால் அவள் போகவில்லை. என் முதுகுக்குப் பின்னால் இருந்து, முதல்நாள் கேட்ட அதே பாசமான குரலில், "ஸ்டெல்லா, நீ சாப்டியாம்மா?" என்று கேட்டாள். மறுபடியும் கேட்டாள். ஒரே மாதிரி, ஒரே இறக்கத்தில். நான் சொல்லச் சொல்ல அவளும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. திடீரென்று ஷீட்டின் மேல் குரங்குகள் தடதடவென்று குதித்தன. திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது.

டாக்டரிடம் சொன்னபோது, அந்த நிலைமையில் பேச வாய்ப்பே இல்லைம்மா, உங்களுக்கு அசதி என்றார். இருக்கலாம். அவர் படித்தவர். அதற்கப்புறம் அவள் வரவில்லை. என் கஷ்டம் அப்படியேதான் இருந்தது, ஒரு குண்டுமணி அளவும் குறையவில்லை. ஆனால் அவரைத் தூக்கும்போது மறுபக்கத்தில் இன்னொரு கை இருப்பது எனக்குத் தெரிந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சாயங்காலம் ஜெபமாலையை எடுத்தால் வாய் திறந்தது. மனம்விட்டு அழ முடிந்தது. கோயிலில் வெட்கப்படாமல் போய், எனக்கு உதவிக்கு ஆள் வேண்டும் என்று கேட்டேன். வந்தார்கள். கேட்டிருந்தால் முன்னாலேயே வந்திருப்பார்கள்.

பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகி அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நினைவு வந்தது, பேச்சும் வந்தது. இப்போது சாய்ந்து உட்காருகிறார், தானே சாப்பிடுகிறார். ஜெபம் சொன்னது அவருக்கு ஞாபகம் இல்லை. அந்த அக்காவை ஞாபகம் இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டேன். "எந்த அக்கா? நீதான இருந்த" என்றார். "ரெண்டு ஸ்டெல்லா இருந்தீங்க. ஒருத்தி கட்டிலாண்ட. ஒருத்தி நாக்காலில."

தலையில் அடிபட்டவர்களுக்கு ஒன்று இரண்டாகத் தெரியும், வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். என்னை நானே ஒப்புக்கொள்ள வைத்தேன் என்று சொல்ல வேண்டும். அந்தச் சமாதானமும் போன தவக்காலம் வரைக்கும்தான்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நூல்கண்டு வாங்கிக்கொண்டு நிற்கிறேன். முன்பின் பார்த்திராத ஒரு பெண், கையில் ஒரு பையோடு, ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீ சொன்ன மாரியே வந்துட்டேங்கா. ஆனா ஒடம்பு நடுங்குது. நீ புள்ளகிட்டதான இருக்குறன்ன, இங்க இன்னா பண்ற?"

"யாரும்மா நீ?"

"இன்னாக்கா இது, செல்வி. தளவானூரு. இத்தினி நாளா வீட்டாண்ட வந்து பேசிக்கினு இருந்துட்டு யாருன்ற? புள்ளைய உள்ள வெச்சி வெளிய தாப்பா போட்டுட்டேன். நான் பாத்துக்கறேன், நீ எங்கனா போயி நல்லா இருன்னு நீதானக்கா சொன்ன?"

பிள்ளைக்கு என்ன என்று கேட்டேன். பிறந்ததிலிருந்து நடக்க முடியாது, வலிப்பு வரும் என்றாள். வீட்டுக்காரன் விட்டுவிட்டுப் போய்விட்டானாம். "நான் அப்டி சொல்லலம்மா. சொன்னது நான் இல்ல. வா, ஏறு" என்று அவளை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் அவள் கையை விடவில்லை. அந்த ஜெபத்தைச் சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனேன், ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். செல்விக்கு அந்த ஜெபம் தெரியாது, அவர்கள் அம்மனைக் கும்பிடுகிற குடும்பம். "காப்பாத்து தாயே, காப்பாத்து" என்று அவள் ஒருபக்கம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வெளித் தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே இருந்தது. திறந்தோம். பிள்ளை காவ்யா பாயில் படுத்திருந்தாள், ஒன்றும் ஆகவில்லை. பத்து வயசு இருக்கும், நல்ல கண்கள். செல்வி விழுந்து அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். பிள்ளை அம்மாவின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தது.

"இன்னாத்துக்கு அம்மாவ கூட்டினு வந்தீங்க?" என்றது. "இனிமே அம்மா வராது, நீ கண்ண மூடுன்னு இப்பதான சொன்னீங்க?"

அந்த வீட்டுக்கு வேறு வாசல் இல்லை. நான் சுற்றிப் பார்த்துவிட்டேன்.

இப்போது கோயில் ஜனங்கள் மூலமாகப் பிள்ளைக்கு நல்ல வைத்தியம் பார்க்கிறோம், செல்விக்குத் தையல் சொல்லித் தருகிறேன். வாரத்தில் ஒருநாள் தளவானூருக்குப் போய்வருகிறேன், செல்வி மதம் மாற வேண்டும் என்றெல்லாம் நான் கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொல்வேன், அவளும் தெம்பாகத்தான் இருக்கிறாள். எல்லாம் நல்லபடியாகப் போகிறது. ஒன்றே ஒன்றுதான். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் அந்தப் பிள்ளை பாயிலிருந்து தலையைத் தூக்கி, பயமில்லாமல், பழகிப்போன குரலில் கேட்கும்:

"நீங்க எந்த அக்கா?"

ஸ்டெல்லா என்று சொல்வேன். அது உடனே சிரிக்காது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அது பார்த்து முடிக்கிறவரைக்கும் நான் வாசற்படியைத் தாண்டுவதில்லை.