தவசி போட்ட உப்பு எலுமிச்சை

எந்த உப்பைக் கொடுத்தாலும் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்து, அது கோடையில் வாரியதா, மழை விழுந்த பிறகு வாரியதா என்று சொல்லிவிடுவான் தவசி. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்து வரப்பில் நடை பழகியவன். கல்யாணம் ஆன கையோடு திருப்பூர் வந்து, வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்தான். சாயம் துணியில் பிடிப்பதற்காக அங்கேயும் மூட்டை மூட்டையாக உப்பைக் கரைத்தார்கள். "எங்க போனாலும் உப்பு என்னைய விடாது போல" என்று மனைவி ராமுத்தாயிடம் சொல்லிச் சிரிப்பான்.

2004 ஆடியில் ராமுத்தாய் போய்விட்டாள். மஞ்சள் காமாலை, முற்றிய பிறகுதான் தெரிந்தது. திருப்பூர் மண்ணரைப் பகுதியில் ஒற்றை அறை லைன் வீட்டில் பத்து வயது ஆஷாவும் ஆறு வயது நதியாவும் அவனோடு மிஞ்சினார்கள். பதினாறாம் நாள் முடிந்ததும் ராமுத்தாயின் அக்கா சீனியம்மாள் பிள்ளைகளின் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். தவசி பையைப் பிடித்துக்கொண்டான்.

"எம் பிள்ளைகள நான் வளத்துக்கிடுதேன் மதினி."

"ஒத்த ஆம்பளையா எப்படி வளப்ப தம்பி? சரி, முழுப்பரீட்சை வரைக்கும் பாக்கேன். மே மாசம் வருவேன். பிள்ளைக வாடிக் கிடந்தா கூட்டிட்டுப் போயிருவேன். அப்ப நீ மறிக்கக் கூடாது."

கதவோரம் நின்ற ஆஷா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து தவசிக்கு வேறு நினைப்பே இல்லை. சோறாக்கினான், துவைத்தான், சடை பின்னினான். அவன் பின்னிய சடையில் ஒன்று கிழக்கே பார்த்தால் மற்றது மேற்கே பார்க்கும். ஆனால் எதைத் தின்றாலும் அவனுக்கு மண்ணாகத்தான் இருந்தது. துக்கம் வந்தால் நாக்கு செத்துப்போகும், நாளானால் சரியாகும் என்று பக்கத்து வீட்டு மயிலாள் சொன்னாள். அவனும் நம்பினான். வருஷக்கணக்காக பிளீச்சிங் தொட்டியின் நெடியில் நின்ற மூக்கையும் நாக்கையும் பற்றி யாரும் யோசிக்கவில்லை. குழம்பை இறக்கும்போது ஆஷாவிடம் கரண்டியை நீட்டி, "உப்புப் பாரு தாயி" என்பான்.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பொங்கல் கிடையாது. லைன் வீடுகள் எல்லாம் ஊருக்குப் போய்ப் பூட்டிக் கிடந்தன. பட்டறைக்குத் துணி ஏற்றிவரும் டெம்போக்காரர் சென்னிமலை என்பவருக்கு குண்டடத்தில் கொஞ்சம் தோட்டம் உண்டு.

"ஊருக்குப் போகலீங்களா தவசி? அப்பப் பிள்ளைங்களக் கூட்டிட்டு நம்ம தோட்டத்துக்கு வாங்க. எலுமிச்சைக்கு வெலையே இல்லீங்க, பறிக்கற கூலிக்குக்கூட கட்டாது. வேணுங்கறத எடுத்துக்குங்க."

போனார்கள். ராமுத்தாய் செத்த பிறகு பிள்ளைகள் சத்தம் போட்டுச் சிரித்தது அந்தத் தோட்டத்தில்தான். தவசி கிளையை வளைத்துப் பிடிக்க, ஆஷா பறித்துப் போட்டாள். நதியா பாவாடையை ஏந்திக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடி, உதிர்ந்ததையும் விடாமல் பொறுக்கினாள். "முள்ளு பாத்துக் கண்ணு" என்று சென்னிமலை சொல்லிக்கொண்டே இருந்தார். திரும்பும்போது பஸ் முழுக்க எலுமிச்சை வாசம் என்று நதியா சொன்னாள். தவசி மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு ஆமாம் என்றான்.

ராமுத்தாய் வருஷா வருஷம் போடுகிற உப்பு எலுமிச்சையைப் போட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். திருப்பூரில் வேறு யாராக இருந்தாலும் கடைக்குப் போய் இரண்டு பாக்கெட் உப்பு வாங்கியிருப்பார்கள். உப்பளத்தில் பிறந்தவனுக்கு அது கௌரவக் குறைச்சல். பட்டறைக்கு வருவது நம்ம ஊர் உப்பு என்று, மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் பிரித்துக் கிடந்த மூட்டையிலிருந்து ஒரு பை அள்ளி வந்தான். பழக்கப்படி ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தான். ஒன்றும் தெரியவில்லை. எதுதான் தெரிந்தது, இது தெரிய என்று விட்டுவிட்டான்.

பழத்தை நாலாகக் கீறிக் கொடுத்தான். பிள்ளைகள் உப்பை அடைத்து ஜாடியில் போட்டார்கள். தினமும் குலுக்குவது நதியாவின் வேலை. பிறகு பகலில் வெயிலில் காயவைத்து, சாயங்காலம் திரும்ப ஜாடித் தண்ணீரில் போட்டு வந்ததில், மாசிப் பிறப்பில் பழம் பதமாகியிருந்தது. முதல் துண்டைக் கஞ்சியோடு வைத்துவிட்டு பிள்ளைகளின் முகத்தையே பார்த்தான்.

"அம்மா போடுத மாதிரி இருக்கா?"

நதியா வாயைத் திறந்தாள். அக்காளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"அதே மாதிரிதான் இருக்குப்பா" என்றாள் ஆஷா.

தவசிக்குக் கண் கலங்கிவிட்டது. நாம் தேறிவிட்டோம் என்று அன்றைக்குத்தான் நினைத்தான்.

அந்த மாதம் நதியாவுக்கு வயிறு போக ஆரம்பித்தது. நிற்கும், நாலு நாளில் திரும்ப வரும். திருப்பூர் தண்ணீரைத் திட்டாதவர்கள் யார்? அவனும் திட்டினான், காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தான். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினான். வயிற்றுக் கோளாறுக்குக் கஞ்சியும் உப்பு எலுமிச்சையும் நல்லது என்பது ஊர் வழக்கம். அதனால் இன்னும் ஒரு துண்டு சேர்த்து வைத்தான். அவளும் தின்றாள்.

மே மாதம் சீனியம்மாள் கருப்பட்டியோடு வந்து இறங்கினாள். நதியாவின் கழுத்தெலும்பைத் தடவிப் பார்த்தாள். கஞ்சி குடிக்க உட்கார்ந்து, எலுமிச்சையை வாயில் வைத்தவள் கையில் துப்பினாள்.

"இது என்ன உப்பு தம்பி? கசப்பால்லா இருக்கு. நீ தின்னு பாக்கலியா?"

தவசி ஒரு துண்டை எடுத்து முழுசாக மென்று விழுங்கினான். "நல்லாத்தான இருக்கு மதினி."

சீனியம்மாள் அவனையே பார்த்தாள். அவன் பார்க்காதபடி ஒரு துண்டு கருப்பட்டியை உடைத்து, "கண்ண மூடிட்டு வாயத் திற" என்றாள். "என்னன்னு சொல்லு."

அவனால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் பட்டறையில் கேட்டான். தீபாவளியிலிருந்து வருகிற மூட்டைகளில் பாதி கிளாபர் சால்ட், பார்வைக்கு உப்பு மாதிரியே இருக்கும் என்றார் மேஸ்திரி. சாயத்துக்கு ஆகும், வாய்க்கு ஆகாது, வயிற்றைப் பிடுங்கும் என்றார். தவசி மிஷினை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து ஆஷாவின் முன்னால் உட்கார்ந்தான்.

"ஏன் தாயி சொல்லல?"

"சொன்னா பெரியம்மா கூட்டிட்டுப் போயிரும்ல" என்றாள் ஆஷா.

"மெல்லாம முழுங்குனா கசக்காதுப்பா" என்றாள் நதியா. "அக்காதான் சொல்லித் தந்துச்சு."

தவசி எழுந்து பையை எடுத்தான். மடிக்கத் தெரியாமல் பிள்ளைகளின் துணிகளைத் திணித்தான். சீனியம்மாளே பதறிப்போனாள். "உப்ப மாத்துனாச் சரியாப் போச்சு. நான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லலியே தம்பி."

"பால் திரிஞ்சா எனக்குத் தெரியாது மதினி. சோறு ஊசிப்போனாலும் தெரியாது. இதுக பயந்துக்கிட்டு எதுன்னாலும் முழுங்கும்."

பஸ் ஏறும்வரை ஆஷா அவனோடு பேசவில்லை. மூன்று மாதம் அவள் விழுங்கியதெல்லாம் வீணாகிவிட்டதே, அந்தக் கோபம். பஸ் நகரும்போது மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தாம்பா இருந்துச்சு" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஜாடியைத் திறந்தான். அடியில் ஐந்தாறு துண்டு கிடந்தது. ஒன்றை வாயில் போட்டு, விழுங்காமல் வெகு நேரம் மென்றான். பிள்ளைகள் பட்ட கசப்பில் கொஞ்சமாவது தெரியாதா என்று பார்த்தான். அதுவும் தெரியவில்லை.