சாய்ந்தால் அதிரும் பெல்ட்

இன்று ஆவடியிலிருந்து கரையான்சாவடிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உள்காதுக் கோளாறால் எனக்கு நடை தள்ளாடும். எந்தப் பக்கம் சாய்கிறேனோ அந்தப் பக்கம் அதிர்ந்து எச்சரிக்கும் பெல்ட்டை இடுப்பில் கட்டியிருந்தேன்.

அப்படியும் ஒரு திருப்பத்தில் தடுமாறினேன்.

"காலைலயே ஊத்திகினு வந்துட்டியா?" என்றார் பக்கத்து சீட்டு அம்மா.

"குடிக்கலம்மா, காதுல பிரச்னை" என்று பெல்ட்டைக் காட்டி விளக்கினேன்.

அவர் முகம் மாறியது. "எங்க ஊட்டுக்காரரும் தல சுத்துதுன்னுதான் சொல்லிகினு கீறாரு. குடிச்சிட்டுப் பொய் சொல்றாருன்னு ரெண்டு மாசமா மூஞ்சி குடுத்தே பேசல."

என் டாக்டரின் விவரத்தை என்னிடம் கேட்டுக்கொண்டு, உடனே கணவருக்குப் போன் போட்டார். "இன்னாய்யா, சாப்ட்டியா?"

"யார, என்னையா கேக்குற?" என்று போனில் ஆண் குரல் கேட்டது.

"உன்னத்தான்யா கேக்குறேன்" என்றார், குரல் தழைந்து.

அந்தப் பேச்சில் எனக்கு உட்கார இடம் தர மறந்தே போனார். பரவாயில்லை.

குடிக்காமலே குடிகாரன் பேர் வாங்கியவர்கள் இங்கே வேறு யாராவது உண்டா?