அக்கா படித்து முடித்த கதை

அக்கா எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டதால்தான் எட்டாம் வகுப்போடு நின்றாள் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். இன்று மகளின் புதுச் சீருடைத் துணியில் கஞ்சி மணத்ததும், அதே மணத்தோடு நாங்கள் பள்ளிக்குப் புறப்பட்ட வெருகல் ஆற்றுத் தோணித்துறை நினைவுக்கு வந்தது. அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போக, தோணியால் இறங்கி ஆமிச் சிப்பாய்களின் சோதனைச்சாவடியைத் தாண்டவேண்டும். அங்கே பெண்பிள்ளைகளையும் தடவிப் பார்த்துத்தான் விட்டார்கள்.

"அவள் பெரிய பிள்ளை, இனி அனுப்ப ஏலாது. நீ மட்டும் போ," என்றார் அம்மா.

பெரிய பிள்ளை என்றால் படித்து முடித்தவள் என்றே எனக்குப் பட்டது. பள்ளிக்கூடத்தில் எனக்குத் தரும் வீட்டுக்கணக்கெல்லாம் அதுவரை செய்துதந்தவள் அக்காதான்.

"ஐயோ அம்மா, நானும் படிச்சு முடிச்சிட்டன்!" என்று கத்தினேன்.

"ஓமோ? ஏழாம் வாய்ப்பாடு சொல்லடா பாப்பம்," என்றாள் அக்கா.

ஏழு நாலில் விக்கி நின்றேன்.

மறுநாள் தோணியில் என்னைத்தான் ஏற்றினார்கள். அக்கா பிறகு எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை.