சரிவில் இரண்டு எலுமிச்சம்பழம்

மலை மேல் வீடு வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான். கணவருக்குக் கலிஃபோர்னியாவில் நாங்கள் இருந்த மில்பிடாஸ் ஊரிலேயே, இந்தியக் கடைக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு டவுன்ஹவுஸ் போதுமாக இருந்தது. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஊருக்குக் கிழக்கே வளைந்து வளைந்து ஏறும் சாலையின் முடிவில் ஒரு வீடும், அதன் முன்னால் சரிந்து இறங்கும் நான்கு ஏக்கர் புல்லும் எங்களுக்குச் சொந்தமாயின. அவர் அதை ஒருநாளும் எங்கள் இடம் என்று சொன்னதில்லை. "உன் மலையில சிக்னல் கிடைக்கல", "உன் மலைக்குப் பால் வாங்கிட்டு வந்தேன்" என்பார்.

இரண்டாவது வசந்தத்தில் கடிதம் வந்தது. ஆறு வாரத்துக்குள் சரிவில் உள்ள புல்லை வெட்டி ஃபோட்டோ அனுப்பாவிட்டால் தீ இன்சூரன்ஸ் புதுப்பிக்கப்படாது. அது இல்லாமல் பேங்க் கடன் நிற்காது. வீட்டை விற்க வேண்டியதுதான். "நான் அப்பவே சொன்னேன்" என்று கணவர் சொல்லியிருந்தால் ஒரு சண்டை போட்டு ஆறியிருப்பேன். மனிதர் கடிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

டிராக்டர்காரர் வந்து சரிவைப் பார்த்துவிட்டு, கவிழ்ந்துவிடும் என்று அப்படியே திரும்பிப் போனார். மேய்ச்சலுக்கு ஆடுகளை வாடகைக்கு விடுகிறவர்கள், ஜூலைக்குப் பிறகு கூப்பிடச் சொன்னார்கள். அப்போதுதான் வீட்டோடு சேர்ந்து வந்த கொட்டகையில் கிடந்த பழைய புல்வெட்டி வண்டி நினைவுக்கு வந்தது. குதிரை இழுக்கிற வண்டி, எஞ்சின் கிடையாது. வலப்பக்கம் ஐந்தடி நீளத்துக்கு ஓர் இரும்புச் சீப்பு நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரம் உருண்டால் அந்தச் சீப்பின் பற்களுக்குள் கத்தி இங்கும் அங்கும் ஓடிப் புல்லை வெட்டும்.

சாலைக்குக் கீழே ஒருவர் வண்டிக்குதிரை வளர்த்தார். தொப்பிக்காரர், வார்த்தையை அளந்து பேசுகிறவர். அவர் வண்டியைச் சுற்றிவந்து ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: "இது சமதரைக்குச் செய்தது. இறக்கத்தில் பின்னாலிருந்து என் குதிரையை இடிக்கும். மலைக்கு ஏற்றபடி மாற்றுங்கள், வருகிறேன்."

சிப் செய்யும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. இது எம்மாத்திரம் என்று ஆழம் தெரியாமல் காலை விட்டேன். ஐந்து வாரக் கடைசிகள் போயின. கவிழாமலிருக்கச் சக்கரங்களைப் பக்கத்துக்கு ஒரு சாண் வெளியே தள்ளினேன். வழுக்காமலிருக்க விளிம்பில் இரும்புப் பற்களை வெல்ட் பண்ணினேன். குதிரையின் கழுத்தில் பாரம் விழாதபடி முன்னால் ஒரு சின்னச் சக்கரம் வைத்தேன். பழைய மோட்டார்சைக்கிள் ஒன்றின் டிஸ்க் பிரேக்கை மாட்டி, காலால் மிதிக்க ஒரு பெடலும் போட்டேன். எனக்கு நானே கைதட்டிக்கொள்ளாத குறைதான்.

திங்கட்கிழமை கெடு. சனிக்கிழமை காலை குதிரை வந்தது. நண்பர்கள் புளிசாதமும் கேசரியுமாக வந்து இறங்கினார்கள். கணவர் பூஜைத் தட்டோடு வந்தார்.

"எலுமிச்சம்பழம் வைக்காம புது வண்டிய எடுக்கக் கூடாதும்மா."

"இது புது வண்டியாங்க? நம்ம ரெண்டு பேர் வயசையும் கூட்டினாலும் பத்தாது."

"நீ பண்ணின வேலைக்கு அப்புறம் புதுசுதான்."

ஐந்து வாரத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. நான் அப்படியே உருகிவிட்டேன், புத்தியும் சேர்ந்து உருகிவிட்டது. கற்பூரத்தைப் பார்த்துக் குதிரை மிரளும் என்று, பூஜை முடிந்தபின் பூட்டலாம் என முடிவானது. வண்டி சரிவின் உச்சியில், இரண்டு செங்கல் முட்டுக்கொடுத்து நின்றது. கத்தி ஓடுவதைக் காட்டுகிறேன் பேர்வழி என்று கொஞ்சம் முன்புதான் நான் அதன் லிவரைப் போட்டிருந்தேன், திரும்ப எடுக்கவில்லை.

கணவர் கற்பூரம் காட்டினார். குனிந்து வலது சக்கரத்துச் செங்கலை எடுத்துவிட்டு அங்கே ஒரு பழம் வைத்தார். இடது சக்கரத்துச் செங்கலையும் எடுத்துவிட்டு இன்னொரு பழம் வைத்தார். என் பிரேக் அருமையான பிரேக். ஆனால் மிதிக்க ஓர் ஆள் வேண்டும்.

பழம் இரண்டும் அழகாக நசுங்கின. எல்லோரும் கைதட்டினார்கள். வண்டி நிற்கவில்லை.

கடகடவென்று அது தன்பாட்டுக்கு இறங்கியது. கணவர் ஒற்றைச் செருப்போடு, கையில் எரியும் தட்டோடு, இடுப்பளவு காய்ந்த புல்லுக்குள் அதைத் துரத்தினார். தீ இன்சூரன்ஸுக்காகத்தான் இத்தனை பாடும். "கற்பூரம், கற்பூரம்" என்று கத்திக்கொண்டே பூஜைச் சொம்போடு நானும் ஓடி, தட்டிலும் அவர் மேலுமாகத் தண்ணீரைக் கொட்டினேன். வண்டி வலப்பக்கமாக வளைந்துபோய், அடிவாரத்து ஈர மண்ணில் புதைந்து நின்றது. யாருக்கும் ஒரு கீறலில்லை. மேலே குதிரை, உடைத்த தேங்காயின் ஒரு மூடியைச் சாவதானமாக மென்றுகொண்டிருந்தது.

என் வீடு போயிற்று என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கணவர்தான் என் தோளைத் தொட்டார்.

"திரும்பிப் பாரு."

உச்சியிலிருந்து அடிவரை ஐந்தடி அகலத்துக்குப் புல் மழுங்க வெட்டப்பட்டுப் படுத்துக் கிடந்தது.

தொப்பிக்காரர் இறங்கி வந்தார். வெட்டுப்பட்ட புல்லைக் காலால் ஒதுக்கிப் பார்த்தார். "இறங்க உங்களுக்குக் குதிரை வேண்டாம். ஏறத்தான் வேண்டும்" என்றார்.

"கிணத்துல மாடு கட்டிக் கவல எறைக்கிற மாதிரி" என்றார் கணவர், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. மாடு கிணற்றை நோக்கி நடந்தால் சால் இறங்கும், விலகி நடந்தால் ஏறும். அவரும் அதை நேரில் கண்டதில்லை, பாடப்புத்தகத்துப் படம்தான். மென்பொருள் எழுதுகிறவருக்கு அது தோன்றியது, ஐந்து வாரம் வெல்ட் பண்ணின எனக்குத் தோன்றவில்லை. பொறாமையாக இருந்தது. அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

உச்சியிலிருந்த ஓக் மரத்தில் தொப்பிக்காரர் ஒரு கப்பியைக் கட்டி, வண்டியிலிருந்து குதிரைக்குப் போகும் கயிற்றை அதன் வழியே ஓட்டினார். வீட்டு முன்னாலிருந்த சமதரையில் குதிரை நடந்தது. மரத்தை நோக்கி நடந்தால் வண்டி இறங்கியது, விலகி நடந்தால் ஏறியது. சீப்பு வலப்பக்கம் இழுத்ததால் கயிற்றை வண்டியின் பின்னால் இடப்பக்கமாகக் கட்டினேன், நேராக ஓடிற்று. இரும்பு இருக்கையில் உட்கார்ந்து, பிரேக்கில் காலை வைத்து, அன்றும் மறுநாளும் எத்தனை முறை இறங்கினேனோ தெரியாது. ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சிரித்தேன். கடைசி இரண்டு நடை கணவர் ஓட்டினார். கீழே போய்ச் சேரும்வரை கண்ணைத் திறக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை ஃபோட்டோ போனது. நேர் வகிடுகளுக்கு நடுவே ஒரு கோணல் வகிடு. இரண்டு வாரத்தில் இன்சூரன்ஸ் புதுப்பித்து வந்தது. எல்லாம் எலுமிச்சம்பழத்தின் மகிமை என்று கணவர் ஊரெல்லாம் சொன்னார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நானும் விடாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டே, மிதிக்க ஆளில்லாமலும் பிரேக் பிடித்து நிற்க ஒரு கொக்கி செய்து மாட்டினேன்.

இந்த ஆண்டும் கடிதம் வந்தது. நான் அலுவலகத்தில் இருந்தேன். அவர் பிரித்துப் படித்துவிட்டு ஃபோன் பண்ணினார்.

"நம்ம மலைக்கு லெட்டர் வந்திருக்கு. வரும்போது எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வா."

'நம்ம மலை' என்றாரா என்று ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ரெண்டு போதும்ல? செங்கல நான் எடுக்கிறேன்" என்றேன்.